கண்டதும் கடந்ததும்

'சீனாவைப் பார்த்துவிட்டு வந்தேன்' என்று சொல்கிறோம். பத்து நாட்களில் மூன்று நகரங்களைப் பார்த்தவன் 'சீனா' என்றது முதலாகுபெயர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இலக்கணத்தில் அதற்கு இடமுண்டு. 'பார்த்தேன்' என்ற வினைக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது. அது சாட்சியின் சொல். கூண்டில் ஏறி நிற்பவன் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுச் சொல்கிற அதே சொல். போய்வந்தவன் அதைக் காப்பி குடித்துக்கொண்டே சொல்கிறான் என்பதால் அதன் பாரம் குறைந்துவிடுவதில்லை என்பது என் கட்சி.

நம் வாரப் பத்திரிகைகளின் பயணக் கட்டுரைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஏ.கே. செட்டியார் போன்ற ஒரு சில விதிவிலக்குகள் போக மற்றவர்கள், போன ஊரில் ரசம் கிடைக்காத வருத்தத்தைத்தான் எழுதினார்கள். அந்த வருத்தமாவது உண்மை. எனக்கு உறுத்துவது வேறு. பொய் சொல்லாதவன், கொஞ்சம் படித்தவன், கவனமாக இருக்க ஆசைப்படுகிறவன் — இவன் 'பார்த்தேன்' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறான்?

2014 மே மாதம் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவில் சேர்ந்து நான் சீனா போனேன். பெய்ஜிங், ஸியான், ஷாங்காய். நடுவில் இரண்டு இரவுகள் ரயிலில். சூட்கேஸ் கூடாது, முதுகுப்பைதான் என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். ஸ்டேஷன் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறுவது சிரமம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் முதுகுப்பைக்கு அதைவிடப் பெரிய உபயோகம் ஒன்று இருந்தது. நாங்கள் சுற்றுலாக்காரர்கள் இல்லை என்று எங்களையே அது நம்பவைத்தது. ஒரே நிறத் தொப்பி அணிந்து, கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடக்கும் கூட்டங்களை எங்கள் குழு இளக்காரமாகப் பார்த்தது. எங்கள் வழிகாட்டியிடம் கொடி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் 'பயணி — சுற்றுலாக்காரன்' என்ற ஜாதிப் பிரிவினை எனக்கு ருசித்ததே இல்லை. தனியாகப் போகிறவன் கூடுதலாகப் பார்க்கிறான் என்பது ஒரு மூடநம்பிக்கை. யுவான் சுவாங் சாங்கானிலிருந்து திருட்டுத்தனமாகத் தனியே புறப்பட்டார் என்பது சரிதான். ஆனால் துர்ஃபான் சோலையை ஆண்ட கவோசாங் அரசன் கொடுத்த குதிரைகளும் ஆட்களும் பொன்னும், வழியிலுள்ள அரசுகளுக்கான அறிமுகக் கடிதங்களும் இல்லாமல் அவர் மலை தாண்டியிருக்க மாட்டார். அவரும் குழுவாகப் போனவர்தான். ஆகவே குழுவில் குற்றமில்லை. பிரச்னை இரவில் இருக்கிறது.

பெய்ஜிங்கிலிருந்து ஸியான் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். 2012 டிசம்பரிலிருந்தே அதிவேக வண்டியில் பகலில் ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடலாம். எங்களை ஏற்றியது பழைய தடத்தில் போகும் இரவு வண்டி. ஏறத்தாழ 12 மணி நேரம். ஓட்டல் வாடகை ஒரு இரவுக்கு மிச்சம், பகலும் வீணாகாது. 'பகல் வீணாகாது' என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். பகல் பார்ப்பதற்கு. பார்க்க வேண்டியவை நகரங்களில் இருக்கின்றன. எனவே நகரங்களுக்கு நடுவில் இருப்பதை இரவில் கடந்துவிடலாம். ஒரு தேசத்தைப் பார்க்கத் தகுந்த நிலம், தூங்கத் தகுந்த நிலம் என்று யாரோ இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கும்போது நாம் அதற்குக் கையெழுத்துப் போடுகிறோம்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. கட்டைப் படுக்கை வகுப்பு என்று பெயர், ஆனால் மெத்தை உண்டு. கதவில்லாத தடுப்புக்குள் எதிரெதிராக மூன்றடுக்கு, ஆறு பேர். கீழ்ப் படுக்கைக்கு விலை அதிகம், மேலே போகப் போகக் குறைவு. நடைபாதையில் ஜன்னலோரம் மடக்கி விரிக்கும் சிறு இருக்கைகள். பெட்டியின் கோடியில் எப்போதும் கொதிக்கும் வெந்நீர். பெட்டி முழுக்க டப்பா நூடுல்ஸ் வாசனை. என் கீழ்ப் படுக்கையில் ஒரு கிழவர். சூரியகாந்தி விதைகளை உரித்து உரித்து ஒரு காகிதத்தில் குவித்தார், தனக்கு என்று நினைத்தேன், பாதியை என் பக்கம் தள்ளினார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பு பெட்டிப் பணிப்பெண் வந்து எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கித் தன் பையின் அறைகளில் செருகிக்கொண்டு, பதிலுக்குப் படுக்கை எண் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்தாள். இறங்க வேண்டிய ஸ்டேஷன் வருவதற்கு முன் அவளே எழுப்பி, அட்டையை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைத் திருப்பித் தருவாள். (அப்போதைய வழக்கம். பிறகு மின்டிக்கெட் வந்து இது போய்விட்டது.) நம் ரயில்களில் தூங்குகிறவன் முழுதாகத் தூங்குவதில்லை. வண்டி நின்றால் போதும், 'இது எந்த ஸ்டேஷன், விழுப்புரமா?' என்று யாராவது இருட்டில் கேட்பார்கள். யாராவது தூக்கத்திலேயே பதில் சொல்வார்கள். அந்த அரைத்தூக்கத்தில் வழியெல்லாம் ஊர்ப்பெயர்கள் காதில் விழுந்துகொண்டிருக்கும். சீனத்து அட்டை அந்தக் கவலையையும் வாங்கிக்கொண்டுவிடுகிறது. நடுவில் உள்ளது எதற்கும் நீ பொறுப்பில்லை என்று எழுத்தில் கொடுத்த மாதிரி.

என்ன இருந்தது நடுவில்? ஊருக்குத் திரும்பி வந்து படங்களையும் புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். நள்ளிரவுக்குப் பிறகு எப்போதோ வண்டி மஞ்சள் நதியைக் கடந்து ஜெங்ஜோவுக்குள் நுழைந்திருக்கிறது. அந்த நகரத்துக்குப் பக்கத்தில்தான் ஹுவாயுவான்கோ. 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுப்பதற்காகச் சீன அரசே நதிக்கரையை அங்கே உடைத்தது. நதி தென்கிழக்கே பாய்ந்தது. செத்தவர்கள் பல லட்சம். 1947ல்தான் அதைப் பழைய தடத்துக்குத் திருப்ப முடிந்தது. ஜெங்ஜோவிலிருந்து எங்கள் வண்டி மேற்கே திரும்பி லோயாங் வழியாக ஸியான் போகும் லோங்ஹாய் தடத்தில் போயிற்று. 1942-43ல் ஹெனான் மாகாணத்தில் பஞ்சம். 20 முதல் 30 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அகதிகள் மேற்கே ஓடிய வழி இந்தத் தடம்தான். வண்டிக் கூரைமேல் ஏறினார்கள், விழுந்தார்கள், தண்டவாளத்தை ஒட்டி நடந்து செத்தார்கள். அதை எழுதிய குற்றத்துக்காக சோங்சிங்கில் தா கூங் பாவ் நாளிதழை 1943 பிப்ரவரியில் 3 நாட்கள் நிறுத்திவைத்தார்கள். தியோடர் ஒயிட் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர், தண்டவாளத்தில் ஓடும் கைத்தள்ளு டிராலி ஒன்றில் இதே வழியில் போய்ப் பார்த்து எழுதினார். திறந்த டிராலி. சுவரில்லை, திரையில்லை, தூங்க முடியாது.

நான் நடுப் படுக்கையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். இதைக் குற்ற உணர்ச்சியோடு சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி மலிவான பண்டம், அதுவும் அந்நிய நாட்டுப் பஞ்சத்துக்கு என்றால் இன்னும் மலிவு. எழுபது வருஷத்துக்கு முந்தைய சாவுக்கு என் தூக்கம் எந்த விதத்திலும் காரணமில்லை. நான் கேட்பது வேறு: விழித்திருந்தால் பார்த்திருப்பேனா?

யாங் ஜிஷெங் என்றொரு பத்திரிகைக்காரர். 1958-62 பெரும்பஞ்சத்தைப் பற்றி ஆவணக் காப்பகங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்து அவர் எழுதிய 'கல்லறைக் கல்' 2008ல் ஹாங்காங்கில் வெளிவந்தது. சீனப் பெருநிலத்தில் அதற்கு அனுமதியில்லை. அவருடைய தகப்பனார் 1959ல் பட்டினியில் செத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஊருக்கு ஓடிவந்த மகன் சாகக் கிடந்த தகப்பனைக் கண்ணால் பார்த்தார். பார்த்தும், அதைத் தன் வீட்டுக்கு நேர்ந்த தனித் துக்கம் என்றுதான் நினைத்தாராம். நாடு முன்னேறிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை அவருக்கு அப்போது அசையவில்லை. இதை அவரே சொல்லியிருக்கிறார். விழித்திருந்தார், அங்கேயே இருந்தார், வளர்த்த தகப்பன். ஆனாலும் 'பஞ்சத்தைப் பார்த்தேன்' என்ற வாக்கியம் அவருக்குக் கிடைக்கப் பல பத்தாண்டுகளும் மலைமலையாகக் காகிதங்களும் தேவைப்பட்டன. பிரத்யக்ஷம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவது எத்தனை பலவீனமான பிரமாணம் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் வேண்டாம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் நமக்குக் கொஞ்சம் நெருங்கிய உறவு. 1974 ஏப்ரலில் பாரிஸிலிருந்து 'தெல் கெல்' என்ற சிறுபத்திரிகையின் குழு சீனா போயிற்று — ஸொல்லேர்ஸ், ஜூலியா கிறிஸ்தேவா, அவர்களோடு ரோலான் பார்த். மூன்று வார காலம், வழிகாட்டிகள் சூழ, தொழிற்சாலை, பள்ளிக்கூடம், மறுபடி தொழிற்சாலை. பார்த்தின் குறிப்பேடுகள் 2009ல்தான் புத்தகமாக வந்தன. எங்கு போனாலும் காதில் விழுந்த வாய்ப்பாட்டு வாசகங்களை அவர் 'செங்கல்' என்று குறித்து வைக்கிறார். சலிப்பு, தலைவலி, எதிர்பாராத ஒன்று நடக்காதா என்ற ஏக்கம். திரும்பி வந்து எழுதிய கட்டுரையில் அந்தச் சலிப்பு நாகரிகமான வேறொன்றாக மாறிவிட்டது: பொருள்கொள்ள முயன்றவனுக்குப் பிடிகொடுக்காத, சப்பென்ற ஒரு அமைதி அந்த நாட்டில் இருக்கிறதாம். குறிப்பேட்டில் இருப்பது நேர்மை; கட்டுரையில் இருப்பது இலக்கியம் என்று சொல்லத் தோன்றுகிறது. இலக்கியத்துக்கு நான் விரோதி அல்ல.

அவர்கள் ஸியானுக்கும் போனார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால், 1974 மார்ச் கடைசியில், அந்த நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் கிணறு வெட்டிய விவசாயிகளின் கடப்பாரையில் சுட்டமண் தலைகள் தட்டுப்பட்டிருந்தன. இன்று உலகமே வரிசையில் நின்று பார்க்கும் மண் படை அதுதான். உலகத்தின் மிகக் கூர்மையான குறிவாசகன், படிக்க ஒன்றுமில்லை என்று அந்த ஊரில் அலுத்துக்கொண்டிருந்தபோது, மண்ணுக்கடியிலிருந்த அந்தப் படையைக் கண்டுவிட்ட விவசாயிகள் அது என்னவென்று தெரியாமல் நின்றிருந்தார்கள். யாரைக் குற்றம் சொல்ல? இதை ஒரு நகைச்சுவையாக மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அந்தோனியோனியின் கதை வேறு. 1972ல் அரசாங்க அழைப்பின் பேரில் அவர் எடுத்த சீனப் படத்தை 1974 ஜனவரியில் 'மக்கள் நாளிதழ்' சீன விரோதம் என்று சாடியது. பெருமைப்பட வேண்டிய நான்ஜிங் பாலத்தைச் சரியான கோணத்தில் காட்டவில்லையாம். சந்துகளையும் கிழவிகளையும் காட்டிவிட்டாராம். அதே ஹெனானில் நிகழ்ச்சிநிரலில் இல்லாத ஒரு மலைக் கிராமத்தில் அவர் காமிராவோடு இறங்குகிறார். ஜனங்கள் பயந்து அசையாமல் நிற்கிறார்கள். அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். நாம் பார்ப்பது அவர்கள் பார்வையை மட்டுமே. அந்தப் படத்தில் அவர் சீனாவைக் காட்டியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் வழிகாட்டிப் பெண் ஹெனான்காரி. இது ஸியானில்தான் தெரிந்தது. 'நேற்று ராத்திரி எங்கள் ஊர் வழியாகத்தான் வந்தோம். நீங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்' என்றாள், புகாராக அல்ல, ஒரு தகவலாக. அங்கே ஒருநாள் இறங்கினால் என்ன என்று கேட்டேன். 'அங்கே பார்க்க ஒன்றுமில்லை சார்.' ஹெனான்காரர்கள் என்றால் ஏமாற்றுக்காரர்கள், பரதேசிகள் என்று சீனாவுக்குள்ளேயே ஒரு கேலி உண்டு; வெளியூரில் வேலை தேடும்போது ஊர்ப் பெயரை மறைக்கிறவர்கள் உண்டு. அவள் குரலில் இருந்தது அதுவா, வெறும் தொழில் அனுபவமா என்று சொல்லத் தெரியவில்லை. 1942 பஞ்சத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். 2012ல் வந்த சினிமாவைப் பார்த்திருக்கிறாள். 'பாட்டி ஏதோ சொல்வாள். சின்ன வயசில் காது கொடுத்துக் கேட்கவில்லை.'

இதைப் பேசியது பெரிய காட்டுவாத்துக் கோபுரத்தின் முன்னால். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளையும் பிம்பங்களையும் வைக்க 652ல் எழுப்பியது. நாற்பது நிமிஷம் எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சதுக்கத்தில் அவர் வெண்கலமாக நிற்கிறார். இந்த மனிதருடைய பயண நூல் 646ல் முடிந்தது. அவர் சொல்லச் சொல்லத் தொகுத்தவர் பியன்ஜி என்ற சீடர். நூலின் முடிவில் பியன்ஜி ஒரு விதியைச் சொல்கிறார். ஒரு நாட்டைப் பற்றி 'சென்று' என்ற வினை வந்தால் அது காலால் மிதித்தது. 'எய்தி' என்ற வினை வந்தால் அது காதால் கேட்டு எழுதியது. நூல் நெடுக இந்த விதி பிசகாமல் காக்கப்பட்டிருக்கிறதா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். அப்படி ஒரு விதி வேண்டும் என்று பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதுதான் என்னை அந்த வெயிலில் நிற்கவைத்தது.

அவர் தர்க்கம் படித்தவர். திக்நாகர் மரபில் பிரமாணங்கள் இரண்டே. மணிமேகலையிலும் அந்தப் பாடம் இருக்கிறது: காண்டல், கருதல். ஆப்தர் வாக்கு தனிப் பிரமாணம் ஆகாது. அப்படிப்பட்ட பள்ளியில் பயின்றவருக்குக் கண்டதையும் கேட்டதையும் ஒரே வினையில் போட்டுக் கலக்கக் கை வராது. இலங்கைக்கு அவர் போகவில்லை; போக நினைத்துக் காஞ்சிவரை வந்தவர், அங்கே அரசன் செத்துக் குழப்பமும் பஞ்சமும் என்று தப்பிவந்த பிக்குகள் சொன்னதைக் கேட்டுத் திரும்பினார். காஞ்சிக்குத் தெற்கே மலகூடம் என்று அவர் எழுதுவதும் செவிவழிதான் என்பது பலருடைய முடிவு.

தமிழில் இந்த வசதி நமக்குப் பாட்டிகளிடமிருந்தே கிடைத்திருக்கிறது. 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம்.' ஒரு 'ஆம்' சேர்த்தால் போதும், நான் பார்க்கவில்லை, சொன்னார்கள் என்று ஆகிவிடுகிறது. எத்தனை மரியாதையான விகுதி! ஆனால் சீனத்து இரண்டு வினைகளிலும் சரி, நம் 'ஆம்' விகுதியிலும் சரி, என் நிலைமைக்கு இடமில்லை. நான் லோங்ஹாய் தடத்தில் சென்றேன்; கேட்டதல்ல. காணவும் இல்லை. உடம்பு சென்றது. மூன்றாவதாக ஒரு வினை வேண்டும். அது இல்லாத காரணத்தால் நாமெல்லோரும் முதல் வினையை எடுத்துக்கொள்கிறோம்.

ஸியானிலிருந்து ஷாங்காய்க்குப் போகும் வண்டியும் அதே தடத்தில்தான் கிழக்கே திரும்புகிறது. அன்று நான் தூங்குவதில்லை என்று தீர்மானித்து நடைபாதை இருக்கையை விரித்து உட்கார்ந்தேன். விளக்கணைத்த பிறகும் கண்ணாடியில் என் முகமே தெரிந்தது. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் கைகளால் மறைத்துக்கொண்டால் வெளியே இருட்டு. சிக்னல் விளக்குகள். ஒரு செங்கல் சுவர், ஒரு லாரி. ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் வெள்ளை வெளிச்சத்தில் ஒருவன் மூட்டையின் மேல் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்ப் பெயர் எழுதியிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. விழிப்பினால் கிடைத்தது இவ்வளவுதான். ஹுவாயுவான்கோவும் கூரையிலிருந்து விழுந்தவர்களும் புத்தகத்தில்தான் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

ஒரு மணிக்கு மேல் வழிகாட்டிப் பெண் வெந்நீர்க் குப்பியோடு வந்து எதிர் இருக்கையை விரித்தாள். அவளுக்கும் தூக்கமில்லை. யுவான் சுவாங் என் பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறார் என்று பகலில் சொல்லியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிப் பாடத்திலும் குரங்கு ராஜா கதையிலும் அவரைத் தெரியும், காஞ்சிபுரம் தெரியாது. 'அந்த ஊர் எப்படி இருந்தது?' எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

சொன்னேன். நூற்றுக்கு மேல் பௌத்த மடங்கள், பத்தாயிரம் பிக்குகள், எண்பது சொச்சம் தேவாலயங்கள், நாலந்தாவுக்குத் தலைமை வகித்த தர்மபாலர் பிறந்த ஊர். சொல்லிக்கொண்டே வரும்போது உறைத்தது: இத்தனையும் அவருடைய புத்தகம் சொல்லி எனக்குத் தெரிந்தது. காஞ்சியில் இன்று அந்த மடங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. தெருவில் தோண்டியெடுத்த சில புத்தர் சிலைகள் இருக்கின்றன. எல்லோரும் போய்ப் பார்க்கிற கைலாசநாதர் கோவில், அவர் 640ஐ ஒட்டி வந்துபோய் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுந்தது. எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்த ஊரின் ஒரு காலத்தை, வழிப்போக்கனாக வந்த ஒரு அந்நியன் எந்த வினைச்சொல்லில் எழுதிவைத்தான் என்பதை நம்பித்தான் நான் அறிந்திருக்கிறேன். ஊர்க்காரனுக்குப் பாட்டி சொன்னது காதில் ஏறாமல் போகலாம். மடம் இடிந்து போகலாம். அப்போது மிஞ்சுவது போகிறபோக்கில் வந்தவனுடைய வாக்கியம். அந்த மனிதர் தெற்கேயெல்லாம் தானே போனதாக எழுதியிருந்தால், மறுக்க இன்று யார் இருக்கிறார்கள்?

இதையெல்லாம் அவளிடம் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. சீனப் பதிப்பில் காஞ்சிக்கு என்ன பெயர் என்று செல்போனில் தேடி, ஜியென்ஜிபுலோ, என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். சின்ன நோட்டில் நான்கு எழுத்துக்களாக எழுதிக்கொண்டாள். அடுத்த குழு வரும்போது கோபுரத்தின் முன்னால் அவர்களுக்குச் சொல்வாளாம். விடிந்தபோது வண்டி நான்ஜிங் தாண்டிவிட்டிருந்தது, எங்கும் கட்டிடங்கள். பணிப்பெண் திரையை விலக்கிக்கொண்டு வந்து என் அட்டையைக் கேட்டாள். மற்ற பதினோரு பேரும் அப்போதுதான் எழுந்து, எந்த இடம் இது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.